உறவினர் நேரம் எண்ணப்படாது

எங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு முன்படிப்பு என்று தனியாக ஒரு பட்டம் கிடையாது. மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட விரும்புகிறவர் முதல் நான்கு வருடம் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். இதை டாக்டர் மெரெடித் ஹாஸ்க்யூ ஒவ்வோர் ஆகஸ்டிலும் புது மாணவர்கள் முன்னால் சொல்வார். சொல்லும்போது இரண்டு கைகளையும் விரிப்பார்.

"உங்களுக்குப் பிடிச்சதைப் படிங்க. இசை படிங்க. தத்துவம் படிங்க. கதவு திறந்தே இருக்கு."

பிறகு நான் எழுந்து கட்டாயப் பாடங்களின் பட்டியலை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போவேன். மொத்தம் முப்பத்தெட்டுப் பாடங்கள். நான்கு வருடத்தில் எடுக்க முடிவது நாற்பது. இசையும் தத்துவமும் மீதி இரண்டில் அடக்கம்.

முன்மருத்துவ ஆலோசனை அலுவலகத்தில் நான் பதினோரு வருடம் முன்மேசைக் குமாஸ்தாவாக இருந்தேன். விதிகளைத் தட்டச்சு செய்வது, படிவங்களுக்கு முத்திரை வைப்பது, அழுகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை நீட்டுவது என் வேலை. அலுவலகத்தில் வைத்தியம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஹாஸ்க்யூ டாக்டர் பட்டம் வாங்கியது கல்வி நிர்வாகத்தில். ஆனால் மனுப் போடும் மாணவரின் கோப்பில் எங்கள் குழுவின் பரிந்துரைக் கடிதம் இருந்தாக வேண்டும். கடிதம் இல்லாத கோப்பை மருத்துவக் கல்லூரிகளில் திறப்பதே இல்லை என்று நாங்கள் சொல்லி வந்தோம். உண்மையா என்று அவர்களிடம் கேட்டுப் பார்த்ததில்லை.

லோர்னா ஸ்டிடம் அந்த அலுவலகத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சுரங்க ஊர். ஒரு மணி பத்து நிமிடம் வண்டி ஓட்டி வந்திருந்தாள். பத்தொன்பதாவது வயதில் ஊருக்கருகே இருந்த இரண்டு வருடக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், அப்பாவின் நுரையீரலில் நிலக்கரித் தூசி அடைத்துக்கொண்டதும் படிப்பை விட்டு ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டாள். பிறகு எங்களிடம் சேர்ந்து, இப்போது கடைசி வருடம். அவள் ஊர் மாவட்டத்தில் நுரையீரல் மருத்துவர் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். வேறு காரணம் எதுவும் அவள் கட்டுரையில் இல்லை.

ஹாஸ்க்யூவின் அறைக் கதவு திறந்தே இருக்கும். அது அவருடைய கொள்கை. அதனால் எனக்கு எல்லாம் கேட்கும்.

"வேதியியல் எட்டு வருஷத்துக்கு முன்னாடி படிச்சிருக்கீங்க லோர்னா. நம்ம விதிப்படி அஞ்சு வருஷத்துல காலாவதி."

"வேதியியல் மாறிடுச்சா மேடம்?"

"வேதியியல் மாறலை. உங்க வேதியியல் காலாவதி ஆயிடுச்சு. பால் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

"நான் அதுல முதல் தரம் வாங்குனேன்."

"நல்ல பாலும் புளிக்கும்மா."

சுவரில் மாட்டியிருந்த, 1991ஆம் ஆண்டு தேதியிட்ட பட்டச் சான்றிதழை லோர்னா பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"உங்களோடது மேடம்?"

"பட்டம் காலாவதி ஆகாது. பாடம்தான் ஆகும்," என்றார் ஹாஸ்க்யூ. அவர் குரலில் கோபம் இல்லை. பதினோரு வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது நோயாளிகளோடு பழகிய அனுபவம். லோர்னாவின் குரல் அப்போது கொஞ்சம் உயர்ந்தது. தனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். ஆறு வருடம் அப்பாவுக்கு ஆக்சிஜன் குழாய் மாற்றியது, படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தபடியே தூங்கவைத்தது, சளியின் நிறத்தைப் பார்த்து மருத்துவருக்கு ஒரு நாள் முன்பே சளிக்காய்ச்சலைக் கண்டுபிடித்தது என்று வரிசையாகச் சொன்னாள். ஹாஸ்க்யூ குறுக்கிடவில்லை. முழுவதும் கேட்டார்.

"அது அன்பு, லோர்னா. அன்பு ரொம்ப உயர்ந்த விஷயம். அதனாலதான் நாங்க அதை எண்ணுறதில்லை."

"புரியலை மேடம்."

"சொந்தக்காரங்களுக்குச் செய்யறது அன்பு. அந்நியருக்குச் செய்யறதுதான் அனுபவம். நூத்தம்பது மணி நேரம் அந்நியர் பக்கத்துல இருங்க. கருணைப் பாடம் எடுத்தீங்கன்னா அதோடவே முடிஞ்சிடும்."

இரத்த உறவாலோ திருமண உறவாலோ தொடர்புடைய நோயாளியுடன் கழித்த நேரம் எண்ணப்படாது என்ற அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அதில் ஒரு காற்புள்ளியைக்கூட நானே சேர்த்தேன்.

வேதியியலையும் உயிரியலையும் மறுபடி எடுத்ததில் அவளுக்கு அந்தப் பருவம் கழிந்தது. கருணைப் பாடத்தின் முதல் பாதியும் அப்போதே. 'கருணை: கோட்பாடும் நடைமுறையும்' என்பது அதன் முழுப்பெயர். வகுப்பில் நூறு பேர். முதல் தரம் பதினைந்து பேருக்கு மட்டும். அதற்கு மேல் பதினாறாவது ஆள் எவ்வளவு இரக்கப்பட்டாலும் இரண்டாம் தரம்தான். வகுப்புக்கு வராத நாளுக்கான குறிப்பை ஒருவருக்கொருவர் கொடுக்க மாட்டார்கள். காய்ச்சலோடு வந்த பெண் ஒருத்திக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த ஒருவனை, பேராசிரியர் பார்க்கும்படி கொடுத்தான் என்று நான்கு பேர் எழுத்துமூலம் புகார் செய்தார்கள். 'என் கருணைக்குத் தொண்ணூற்றொன்றும் என் அறைத்தோழியின் கருணைக்குத் தொண்ணூற்று மூன்றும் எப்படி?' என்று மேல்முறையீடு ஒன்று வந்தது. மூன்று பேர் கொண்ட குழு கூடி இருவரையும் தொண்ணூற்று இரண்டாக்கியது. இருவரும் மேல்முறையீடு செய்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு, வலிப்பதாக நடிக்க ஊர் நாடகக் குழுவிலிருந்து ஆள் வைத்திருந்தோம். லோர்னாவுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். இவள் போய் அவரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, முதுகில் கை வைத்து மூச்சை எண்ணத் தொடங்கிவிட்டாள். 'உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது' என்ற வாக்கியத்தை முதல் முப்பது விநாடிக்குள் சொல்லவில்லை. மதிப்பெண் எழுபத்தொன்று.

மதிப்பெண் தாளை வாங்க வந்தவள் என் மேசை முன்னால் நின்றாள்.

"வெண்டல் சார், அந்த ஆளுக்கு நிஜமாவே மூச்சு வாங்குது. அவரை டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

"அவரு நடிகரும்மா."

"முனகுனது நடிப்பு. மூச்சு நடிப்பு இல்ல."

அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

ஜனவரியில் அவள் மறுபடி வந்தாள். கருணைப் பாடத்தின் இரண்டாம் பாதிக்கு, நூற்றைம்பது மணி நேரத்துக்கு, அந்நியர் வேண்டும். மருத்துவமனையில் தன்னார்வலர் இடத்துக்கு எட்டு மாதக் காத்திருப்பு. முதியோர் இல்லத்தில் இடம் இருந்தது. ஆனால் அவள் அங்கே போய் அந்நியர் பக்கத்தில் இருந்தால் அவள் அப்பா பக்கத்தில் யார் இருப்பது? வகுப்பு நேரங்களில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். அதற்கு மேல் அவளால் முடியாது.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் ட்ரென்ட் ஆலிங்கர். இருபத்தொரு வயது. இந்த ஊர்க்காரன்தான். அவன் அப்பாவுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை. நவம்பரில் மான் வேட்டைக்குப் போய், மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எனக்கும் அதே கதைதான் சார்," என்றான். "ஆறு வாரமா எங்கப்பாவுக்கு நான்தான் எல்லாம். கழுவி விடுறது வரைக்கும். ஒரு மணிகூட எண்ண மாட்டாங்களாம். அவரு என்னைத் திட்டுறதைப் பாத்தா நான் அந்நியன்னே சொல்லலாம்."

லோர்னா சிரித்தாள். அன்று அந்த இரண்டு முகங்களையும் பார்த்து நான் ஒரு வேடிக்கை சொன்னேன். அந்த அலுவலகத்தில் நான் சொன்ன முதல் வேடிக்கை அது.

"ரெண்டு பேரும் அப்பாவை மாத்திக்குங்க. விதிக்குச் சரியா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாஸ்க்யூவின் கதவு திறந்தே இருந்தது. அவர் வெளியே வந்தார்.

"வெண்டல்," என்றார், "அதை எழுதிக் கொண்டாங்க."

இரண்டு வாரத்தில் அது 'பரஸ்பர அக்கறைத் திட்டம்' ஆயிற்று. பிப்ரவரி நடுவில் முப்பத்தொரு ஜோடிகள். உடம்பு முடியாத ஆள் வீட்டில் இருக்கும் மாணவர்களெல்லாம் காலையில் தங்கள் வீட்டைப் பூட்டாமல் விட்டு, இன்னொருவர் வீட்டுக்குப் போனார்கள். பிராந்திய மாநாட்டில் ஹாஸ்க்யூ அதைப் பற்றிப் பேசிக் கண்ணாடிக் கேடயம் ஒன்று வாங்கி வந்தார். "பெத்தவங்க பக்கத்துல உக்காந்தா பிள்ளைங்க என்ன கத்துக்குவாங்க?" என்று அங்கே அவர் கேட்டாராம். "மாத்தி உக்காரவெச்சோம். வீணாப்போன நேரம் கல்வி ஆயிடுச்சு." பலத்த கைதட்டல் என்று அறிக்கையில் தட்டச்சு செய்தேன்.

திட்டம் வளர வளர விதியும் வளர்ந்தது. நோயாளியின் பெயரை எழுதக் கூடாது, எண் மட்டும். லோர்னாவின் அப்பா வர்ஜில் ஸ்டிடம், நோயாளி 14. ட்ரென்டின் அப்பா, நோயாளி 15. நோயாளியைப் பற்றி யாரிடமும், குறிப்பாகக் குடும்பத்தாரிடம், பேசக் கூடாது. பேசினால் ஜோடியில் இருவர் கடிதமும் ரத்து. அந்த நேரத்தில் கவனம் சிதறக் கூடாது என்பதால் மாணவர் போனும் நோயாளி போனும் எங்கள் முத்திரையிட்ட உறைக்குள் போக வேண்டும். அவசர அழைப்புக்கு மட்டும் உறையைக் கிழிக்கலாம். கிழித்தால் காரணப் படிவம். நோயாளியிடமிருந்து ஐந்து டாலருக்கு மேற்பட்ட எதையும் வாங்கக் கூடாது.

வாரம் மூன்று நாள் லோர்னா மலையிலிருந்து இறங்குவாள், ட்ரென்ட் ஏறுவான். எட்டரை மணிவாக்கில் ஆற்றுப் பாலத்தின்மேல் இரண்டு வண்டியும் ஒன்றையொன்று கடக்கும். முகப்பு விளக்கைச் சிமிட்டிக்கொள்வார்களாம். அது நோயாளி பற்றிய தகவல் பரிமாற்றமாகக் கருதப்படலாம் என்று மார்ச்சு முதல் வாரம் ஒரு சுற்றறிக்கை போயிற்று. அதற்குப் பிறகு சிமிட்டவில்லை.

ஒவ்வொரு நாளின் தாளும் என் மேசைக்கு வரும். மணி எத்தனை, என்ன நடந்தது, என்ன கற்றுக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும். நான் சொற்களை எண்ணி முத்திரை வைப்பேன். வர்ஜில் ஸ்டிடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த வசந்தத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த மனிதர் அவர்தான்.

'நோயாளி 14க்கு பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து கொடுத்தேன். இந்த ரொட்டியைச் சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுக்கலாம், முப்பது வருஷம் தாங்கும் என்றார்.'

'நோயாளி 14 என்னை மாத்து டயர் என்று கூப்பிடுகிறார். அசல் டயர் கீழே உன் அப்பன் வீட்டில் ஓடுகிறது என்றார்.'

'நோயாளி 14 தன் மகளின் வண்டி முன் டயர்களைப் பற்றியே பேசுகிறார். வழுக்கையாகிவிட்டதாம். மாற்றச் சொன்னால் அடுத்த மாதம் என்கிறாளாம். இந்த மலையில் அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது என்றார்.'

கீழே, ஆலிங்கர் வீட்டில், லோர்னாவின் தாள் வேறு மாதிரி. 'நோயாளி 15 தன் போனை உறையில் போட மறுத்தார். என் வீட்டில் என் போனைச் சிறையில் போட நீ யார் பொண்ணே என்றார். இருபது நிமிடம் கழித்துப் போட்டார்.' 'நோயாளி 15 ஜன்னல் வழியாக என் வண்டியைப் பார்த்தார். முன் டயர் இரண்டும் இலவசமாகத் தருகிறேன், கடைக்குப் போ என்றார். ஐந்து டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றேன். அப்படியானால் காற்று மட்டும் அடித்துக்கொள், அது இரண்டு டாலர் என்றார்.'

இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கக் கிடைத்தவன் நான் ஒருவன்தான். மகளின் டயரைப் பற்றி மலைமேல் ஒருவரும் மலையடியில் ஒருவரும் கவலைப்படுவது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. முத்திரை வைத்தேன்.

மார்ச்சு கடைசித் திங்கட்கிழமை லோர்னா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேராக உள்ளே போனாள்.

"மேடம், இந்த வாரம் மட்டும் நான் வீட்ல இருந்துக்கறேன். நர்ஸ் வந்து பாத்தாங்க. நாள் நெருங்கிடுச்சுங்கறாங்க. எனக்கு இன்னும் எட்டு மணி நேரம்தான் பாக்கி."

"இருங்க லோர்னா. யார் தடுக்கறது? தடுக்கற அலுவலகமா இது?" என்றார் ஹாஸ்க்யூ. "ஆனா யோசிங்க. நீங்க வீட்ல இருந்தா ட்ரென்ட் அங்க இருக்க முடியாது. ஏன்னா நோயாளிக்குத் துணை இருக்கு. அப்போ அவன் மணி போகும். உங்க மணியும் போகும். வர்ற திங்கள் கடைசி நாள். விட்டா ரெண்டு பேரும் அடுத்த வருஷம். அடுத்த வருஷம்னா இந்த மணியெல்லாம் காலாவதி, முதல்லேர்ந்து தொடங்கணும். ஒரு நோயாளிக்காக ரெண்டு டாக்டரை இழக்கறதா? உங்க மாவட்டத்துல நுரையீரல் டாக்டரே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அந்த நோயாளி எங்கப்பா மேடம்."

"அதைத்தான் சொல்றேன். நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்க. தள்ளி நின்னு பாருங்க."

வெளியே வந்தவளுக்கு நான் காகிதக் கைக்குட்டை நீட்டினேன். அவள் அழவில்லை. கைக்குட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய். காலையில் அவள் கிளம்பத் தயங்கியபோது வர்ஜில் சொன்னது, அவரே பிறகு ட்ரென்டிடம் சொன்னபடி, அவன் தாளில் முதல் வரியாக இருந்தது: 'போ பாப்பா. நான் எங்க போயிடப்போறேன்?' அவள் இறங்கினாள், அவன் ஏறினான். ஒன்பதிலிருந்து ஐந்துவரை அவள் ஆலிங்கரின் கட்டிலருகே இருந்தாள். அவளுடைய எட்டு மணி முடிந்தது. இரண்டு போன்களும் உறைக்குள் இருந்தன. ஐந்து மணிக்கு உறையைப் பிரித்தபோது அவள் போனில் ஏழு அழைப்புகள் இருந்தன.

ட்ரென்டின் தாள் புதன் காலை வந்தது. அந்த முதல் வரிக்குப் பிறகு இப்படி இருந்தது.

'பகல் 1.50. நோயாளி 14 கண் திறந்தார். என்னைப் பார்த்தார். பாப்பா, கிளாஸ் முடிஞ்சுதா என்று கேட்டார். நான் தன்னார்வலர் என்று சொல்ல வேண்டும். முடிஞ்சுதுப்பா என்று சொன்னேன். முன் டயர் மாத்துனியா என்றார். மாத்திட்டேன் என்றேன். ரெண்டுமா என்றார். ரெண்டும் என்றேன். அப்ப சரி என்றார். பிறகு பேசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 2.50க்கு மூச்சு நின்றது. நர்ஸுக்கும் நோயாளியின் மகளுக்கும் அழைத்தேன். உறை கிழிக்கப்பட்டது. காரணப் படிவம் இணைப்பு.'

என்ன கற்றுக்கொண்டேன் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஐம்பது சொல் இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

விதிப்படி அதை ஹாஸ்க்யூவிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கணம், இவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு அம்பதுலேர்ந்து ரெண்டு அம்பது வரைக்கும் எண்ண முடியாது வெண்டல்."

"ஏன் மேடம்?"

"நோயாளி மகள்னு கூப்பிட்டிருக்காரு. இவன் ஆமான்னு ஏத்துக்கிட்டிருக்கான். அந்த ஒரு மணி நேரம் இவன் சொந்தக்காரன். உறவினர் நேரம் எண்ணப்படாது."

"அவனுக்கு அதோட சரியா நூத்தம்பது வருது மேடம்."

"அப்போ நூத்தி நாப்பத்தொம்போது," என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "நல்ல பையன். இவ்வளவு நாள் தள்ளி நின்னான். கடைசி மணியில கிட்ட போயிட்டான்."

அன்றே லோர்னாவுக்கான கடிதத்தை எழுதச் சொன்னார். 'தம் சொந்தத் தந்தை மரணமடைந்த நேரத்திலும் தமக்கு ஒப்படைக்கப்பட்ட நோயாளியின் அருகை விட்டு அகலாதவர்' என்ற வரியை நான் தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ட்ரென்டின் தாளில் 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரையை வைத்தேன். நிராகரிக்கப்பட்ட தாள் பதிவு ஆகாது. பதிவேட்டில் சேராதது என் மேசைக்குக் கீழே இருக்கும் நீலக் கூடைக்குப் போகும். அதில் போட்டேன். துப்புரவுக்காரரிடம், இந்த வாரம் அந்தக் கூடையைத் தொட வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குப் போயிருந்தேன். அலுவலகத்திலிருந்து நான் மட்டும். தேவாலயத்தின் கீழறையில் உருளைக்கிழங்கும் பன்றித் தொடையும் பரிமாறினார்கள். பழைய சுரங்கத் தொழிலாளர்கள் பத்துப் பேர் ஒரே மேசையில், ஒவ்வொருவர் காலடியிலும் ஆக்சிஜன் உருளை. பேச்சு குறைவு. எல்லோரும் மூச்சைச் சேமித்து வைத்திருந்தார்கள். காற்று வாங்க வெளியே வந்தேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ட்ரென்ட், கறுப்புக் கோட்டோடு, லோர்னாவின் வண்டிக்கு முன்னால் சரளைக் கல்லில் முழங்காலிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு புது டயர்கள். ஒன்றைப் பூட்டி முடித்திருந்தான். என்னைப் பார்த்தான். அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான்.

திங்கட்கிழமை லோர்னா கடிதத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட வந்தாள். ஹாஸ்க்யூ மதிய உணவுக்குப் போயிருந்தார். அவள் கடிதத்தைப் படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் நின்றாள். பிறகு கடைசிவரை படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"ட்ரென்ட் எங்கிட்ட பேச மாட்டேங்கறான் சார்," என்றாள். "எங்கப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பேசினா ரெண்டு பேர் கடிதமும் போயிடும்னு பயம். ஆனா பைத்தியக்காரன், சாவு வீட்ல வந்து என் வண்டிக்கு டயர் மாத்திட்டுப் போயிருக்கான். காரணம் கேட்டா, கடையில மிச்சம் இருந்துச்சுங்கறான்." பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள். "அவன் எழுதின தாள் உங்ககிட்ட வந்திருக்கும்ல? நான் படிக்கலாமா?"

"அது இன்னொரு மாணவரோட பதிவு. முடியாதும்மா."

"பேசுனாரான்னு மட்டும் சொல்லுங்க."

நீலக் கூடையை மேசைக்கு அடியிலிருந்து காலால் தள்ளினேன். அது அவள் காலருகே போய் நின்றது.

"இது குப்பை," என்றேன். "குப்பைக்கு விதி இல்லை."

மேலே கிடந்த தாளை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். சிறிய தாள்தான். ஆனால் வெகுநேரம் படித்தாள். பிறகு ஜன்னலருகே போனாள். அவள் வண்டி கீழே நின்றிருந்தது. அதன் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது, நான் எடுக்கவில்லை.

"இந்த மணியை எண்ணலையா சார்?"

"இல்லம்மா."

"அவனுக்கு எவ்வளவு குறையுது?"

"ஒண்ணு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா நோயாளி வேணும். உறவில்லாத நோயாளி."

அவள் தாளை நான்காக மடித்தாள். போன திங்கட்கிழமை நான் கொடுத்த கைக்குட்டை இருந்த அதே பையில் வைத்தாள்.

"எனக்கு உடம்பு சரியில்ல," என்றாள். "தூக்கம் இல்ல. ஒரு வாரமா சாப்பாடு இறங்கலை. யாராவது வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்தாத் தேவலை. எனக்கு உறவுக்காரங்க யாரும் இல்ல. இப்போ இல்ல."

விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். எல்லாம் நான் தட்டச்சு செய்ததுதான். தடுக்கும் வரி எதுவும் இல்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, நோயாளி 63 என்று எழுதி, முத்திரை வைத்தேன். ட்ரென்டை வரச் சொன்னேன். இருவர் போனையும் உறையில் போட்டு ஒட்டினேன். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மர பெஞ்சு உண்டு. அதைக் காட்டினேன்.

நான்கு ஐம்பத்தைந்துக்கு ட்ரென்ட் தாளைக் கொண்டுவந்து வைத்தான்.

'பகல் 3.45 முதல் 4.45 வரை. நோயாளி 63 பேசவில்லை. நானும் பேசவில்லை.' கற்றுக்கொண்டது என்ற கட்டத்தில் அதே இரண்டு வாக்கியங்களை அவன் திரும்பத் திரும்ப எழுதியிருந்தான். எண்ணிப் பார்த்தேன். ஐம்பது சொல்.

நூற்றைம்பது என்று எழுதி முத்திரை வைத்தேன்.

மறுநாள் ஹாஸ்க்யூ அந்தத் தாளைப் பார்த்தார். நோயாளி 63 யார் என்று அவர் கேட்கவில்லை. பெயர் கேட்பது விதிக்கு விரோதம். ஒரு முறை படித்தார், முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா வெண்டல்? பையன் திருந்திட்டான். இதுதான் தள்ளி நிக்கறதுங்கறது."

சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். அடுத்த ஆகஸ்டில் புது மாணவர்களுக்குப் பாடப் பட்டியல் கொடுத்தபோது அது என் தலைக்கு மேலே, கண்ணாடிக் கேடயத்துக்குப் பக்கத்தில், தொங்கிக்கொண்டிருந்தது. நான் வேலையை விட்ட பிறகும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி.